கல் பிடித்து வைப்பதும் காற்றில் விடுவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. அணுக்கழிவை அடைத்து வைக்கும் கனியங்களை ஆராய்ந்துவிட்டுப் பிறகு கோள்களின் வளிமண்டலத்துக்குப் போன ஒரு இரசாயனவியலாளரைப் பற்றி நீங்கள் போட்ட சின்னச் செய்திக்கு எழுதிய பதில் அது. ஒரு துறையில் நிலைத்து நிற்காதவர்களைப் பெரிதாகக் காட்டி எங்கள் பிள்ளைகளைக் குழப்பாதீர்கள் என்றும், அணுக்கழிவும் செவ்வாய்க் கிரகமும் எங்களுக்கு எதற்கு, எங்களுக்கு இருக்கிற பிரச்சினை போதாதா என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். பிள்ளைகளில் உள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார், அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் படித்துவிட்டு அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

நான் திருக்கோவிலில் இருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். அந்த ஆய்வாளர் துறை மாறினார் என்று சொல்கிறார்களே, என் பார்வையில் அவர் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. கல்லுக்குள் இருக்கும் ஒரு அணு எவ்வளவு காலம் உள்ளேயே இருக்கும், வெளியே வந்தால் எங்கே போகும் என்ற ஒரே கேள்விதான் இரண்டு வேலைக்கும். உள்ளே தங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அணுக்கழிவு ஆராய்ச்சி. வெளியேறியதைத் தேடிப் போனால் அது வளிமண்டல ஆராய்ச்சி.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். சாதாரண மூச்சில் அரை லீட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் ஏறத்தாழ 5 மில்லிலீட்டர், அதாவது பாணி மருந்து குடிக்கிற ஒரு தேக்கரண்டி அளவு, ஆகன் என்ற வாயு. காற்றில் அதன் பங்கு 0.93 சதவீதம். அந்த ஆகன் எங்கிருந்து வந்தது என்று என் வகுப்பில் வருடாவருடம் கேட்பேன், மரம் விடுகிறது என்பார்கள், கடலிலிருந்து வருகிறது என்பார்கள், கல்லிலிருந்து என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. ஆனால் கிட்டத்தட்ட முழுவதும் கல்லிலிருந்து வந்ததுதான். பாறைகளில் பொற்றாசியம் உண்டு, அதில் மிகச் சிறு பங்கு பொற்றாசியம் 40 என்ற கதிர்த்தொழிற்பாடுள்ள சமதானி, அதாவது தானாகச் சிதைந்து கதிர் விடுகிற, எடை வேறான பொற்றாசியம். அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய எடுக்கும் காலம், 125 கோடி வருடம். அது சிதையும்போது ஒரு பகுதி ஆகன் 40 ஆகிறது. பாறை உருகும்போதும் உடையும்போதும் அந்த ஆகன் வெளியே கசிந்து, வேறு எதோடும் சேராமல், போக இடமில்லாமல் காற்றில் தங்கிவிட்டது. பூமி தோன்றிய நாளிலிருந்து கல் விட்ட மூச்சின் ஒரு தேக்கரண்டி ஒவ்வொரு தடவையும் எங்கள் நெஞ்சுக்குள் போய்வருகிறது. இதை முதன்முதலாக விளங்கிக்கொண்ட அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

இந்த ஆகனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் வில்லியம் ராம்சே. 1894ல் ரேலி பிரபுவோடு சேர்ந்து கண்டுபிடித்தார். காற்றை ஆராய்ந்துகொண்டிருந்த அந்த மனிதர் அடுத்த வருடமே கல்லுக்குப் போய்விட்டார். கிளீவைட் என்ற யுரேனியக் கனியத்தை அமிலத்தில் போட்டு, வந்த வாயுவைப் பிடித்து அதன் ஒளியைப் பார்த்தால், 1868ல் சூரியனின் ஒளியில் கண்ட அதே மஞ்சள் கோடு. அதுவரை சூரியனில் மட்டும் இருப்பதாக நினைத்திருந்த ஈலியம், பூமியில் ஒரு கல்லுக்குள்ளிருந்து வந்தது. 1898ல் மொரிஸ் திராவர்ஸ் என்பவரோடு சேர்ந்து நேயன், கிரித்தன், செனன் மூன்றையும் காற்றிலிருந்தே பிரித்தார், 1903ல் பிரடெரிக் சொடியோடு சேர்ந்து ரேடியத்திலிருந்து ஈலியம் பிறப்பதைக் காட்டினார், 1904ல் நோபல் பரிசு. காற்று, கல், கதிர்வீச்சு மூன்றையும் ஒரே மனிதர் பத்து வருடத்துக்குள் தொட்டிருக்கிறார். ஒரு துறையில் நில் என்று அவரை யாராவது தடுத்திருந்தால் எங்கள் பாடப்புத்தகத்தில் விழுமிய வாயு என்ற, எதோடும் இலகுவில் சேராத வாயுக்களின் நிரல் எவ்வளவு காலம் வெறுமையாக இருந்திருக்குமோ.

சரி, இதில் எங்களுக்கு என்ன என்று கேட்டாரல்லவா. அதே 1904ல் எங்கள் தீவில், சபரகமுவப் பக்கத்து மணிக்கல் மணலில், கறுப்பான பாரமான சின்னக் கனசதுர மணிகள் கிடைத்தன. அதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் அப்போது இலங்கைக் கனியவள ஆய்வின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன், பிறகு கலை வரலாற்றில் உலகப் பெயர் எடுத்தவர். எங்கள் பிள்ளைகளுக்கு அவரைச் சிற்பத்தோடும் ஓவியத்தோடும் மட்டும்தான் தெரியும், அவர் முதலில் மண்ணைக் கிளறிய விஞ்ஞானி என்று ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தக் கனியத்துக்குத் தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள், தோரியம் நிறைந்த கல். அது கப்பலேறி லண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. ஆங்கிலம் பழகவென்று ஜெர்மனியிலிருந்து அங்கே வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளைஞரிடம், அந்தக் கல்லிலிருந்து எடுத்த உப்பைக் கொடுத்து இதில் உள்ள ரேடியத்தைப் பிரி என்றார் ராம்சே. ஹான் பிரித்துக்கொண்டு போக, அதற்குள் யாரும் அறியாத வேறொரு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் இருந்தது. 1905ல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர். அந்த ஹான்தான் 1938ல் பெர்லினில் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து செய்த பரிசோதனையில் யுரேனியக் கரு பிளவுபடுவதற்கான ஆதாரத்தைக் கண்டார், லீசே மைட்னரும் பிரிஷ்ஷும் அதற்கு விளக்கம் சொன்னார்கள். அணு உலையும் அணுக்குண்டும் அணுக்கழிவும் அங்கிருந்துதான் தொடங்கின. அந்த மனிதர் கதிர்த்தொழிற்பாட்டை முதலில் கைபழகியது இலங்கைக் கல்லில். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் இரண்டு பாடத்தையும் இணைக்கிற முடிச்சு. ரேலி பிரபுவின் மகன் ரொபர்ட் ஸ்ட்ரட் இதே இலங்கைத் தோரியனைட்டை எடுத்து, அதற்குள் சேர்ந்திருக்கும் ஈலியத்தை அளந்து கல்லின் வயதைக் கணிக்கப் பார்த்தார். ஒரு யுரேனியம் 238 அணு ஈயமாகி முடிவதற்குள் எட்டு ஈலிய அணுக்களை விடும், ஒரு தோரியம் 232 அணு ஆறு விடும், ஆக ஈலியத்தை எண்ணினால் வயது வரும் என்பது கணக்கு. ஆனால் அந்த வயது உண்மையைவிடக் குறைவாகவே வரும், ஏனென்றால் ஈலியம் கல்லுக்குள் முழுவதும் தங்குவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து காற்றுக்குப் போய்விடுகிறது. காற்றிலும் அது நிலைக்காது. இலேசான வாயு என்பதால் மேலே ஏறி விண்வெளிக்குத் தப்பிவிடும், அதனால்தான் இத்தனை கோடி வருடம் பாறைகள் விட்டும் காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் ஈலியம். வயதைக் கணித்தவருக்கு அந்தக் கசிவு ஒரு பிழை. அணுக்கழிவைப் புதைக்கிறவருக்கு அதே கசிவுதான் முழுக் கவலையும், வளிமண்டலம் படிக்கிறவருக்கோ காற்றின் பிறப்பே அதில்தான் இருக்கிறது.

அணுக்கழிவுக்கு வருவோம். புளூட்டோனியம் 239ன் அரைவாழ்வுக்காலம் 24,100 வருடம். மனிதர் கட்டிய எதுவும் அவ்வளவு காலம் நின்றதில்லை. இன்று பல நாடுகள் உயர்மட்டக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உருக்குக் கலத்தில் ஊற்றி வைக்கின்றன, பின்லாந்தில் எரிந்து முடிந்த எரிபொருளைப் பாறைக்குள் 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில் வைக்கச் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். ஆனால் கண்ணாடி ஆயிரம் ஆயிரம் வருடங்களுக்கு நிலத்தடி நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காத்திருந்து பார்க்க யாருக்கும் ஆயுள் இல்லை. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த டெட் ரிங்வூட் 1978ல் இதை வேறு விதமாக யோசித்தார். இயற்கையில் யுரேனியத்தையும் தோரியத்தையும் கோடிக்கணக்கான வருடம் பிடித்து வைத்திருக்கும் கனியங்கள் இருக்கின்றனவே, அதே கனியங்களை ஆலையில் செய்து, கழிவு அணுக்களை அந்தப் பளிங்குக்குள்ளேயே குடியேற்றிவிட்டால் என்ன என்று கேட்டார். அந்தச் செயற்கைப் பாறைக்கு சின்ரொக் என்று பெயர். அதில் முக்கியமான ஒரு கனியம் சிர்கோனோலைட். அது தாங்கும் என்பதற்குச் சாட்சியாக எடுத்த இயற்கைக் கற்களில் இலங்கைச் சிர்கோனோலைட்டும் ஒன்று. 55 கோடி வருடம் அளவில் எங்கள் தீவின் பாறையில் கிடந்து, உள்ளே கதிர்வீச்சால் அடிபட்டு அடிபட்டுப் பளிங்கமைப்பே குலைந்தும், யுரேனியத்தைக் கைவிடாத கல்.

இதே ரிங்வூட் முதலில் பூமியின் ஆழத்தைப் படித்தவர், அவர் பெயரில் ரிங்வூடைட் என்று ஒரு கனியமே இருக்கிறது. பூமி உருவான காலத்தில் அதைச் சுற்றி இருந்த கொதிக்கும் ஆதி வளிமண்டலத்திலிருந்து படிந்து உருண்டதுதான் நிலவு என்று 1970ல் ஒரு கருத்தும் சொன்னார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை, பெரிய மோதல் ஒன்றில் நிலவு பிறந்தது என்பதைத்தான் இன்று பெரும்பாலானவர்கள் ஏற்கிறார்கள். அதனால் என்ன? எந்தச் சூட்டில் எந்தக் கனியம் எதைப் பிடிக்கும், எதை ஆவியாக விடும் என்று ஒரு கோளுக்கே கணக்குப் போட்டுப் பழகிய மூளைதான் அணுக்கழிவுக்கும் கல்லைத் தேடிக் கொடுத்தது.

மாத்தறை வைரம் என்று எங்கள் ஆட்கள் மோதிரத்தில் வைத்துக்கொள்ளும் கல் வைரம் இல்லை, நிறமற்ற சிர்கன். சிர்கன் பளிங்கு வளரும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்த யுரேனியம் ஒவ்வொரு முறை சிதையும்போதும் அல்பா துணிக்கை, அதாவது ஈலியத்தின் கரு, ஒரு பக்கம் பாய, பின்னுதைப்பில் மற்றப் பக்கம் போகும் கரு ஆயிரக்கணக்கான அணுக்களை இடம்பெயர்த்துவிடும். துப்பாக்கிச் சூட்டில் வெடிப்பு மட்டுமா, துப்பாக்கியும் பின்னால் உதைக்கும் அல்லவா, அப்படித்தான். இப்படிக் கோடிக்கணக்கான வருடம் அடிபட்ட சிர்கன் கண்ணாடி போலாகி, கனவளவு ஏறத்தாழ 18 சதவீதம் வீங்கி, அடர்த்தி 4.7லிருந்து 3.9 வரைக்கும் இறங்கிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ளதிலிருந்து முழுவதும் குலைந்தது வரை எல்லாப் படிகளிலும் சிர்கன் கிடைக்கிற இடம் இலங்கை, அதனால்தான் கதிர்வீச்சு ஒரு கனியத்தை எப்படிக் குலைக்கும் என்று அறிய விரும்பிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1950களிலிருந்தே எங்கள் சிர்கனை அறுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மொனசைட் என்ற இன்னொரு கனியம் இதற்கு நேர்மாறு. அதற்குள் தோரியம் நிறைய இருந்தும் பளிங்கு அநேகமாகக் குலையாமலே கிடைக்கும், அடிபட்ட இடம் குறைந்த சூட்டிலேயே தானாக ஆறிவிடுகிறது. பேருவளைப் பக்கத்துக் கடற்கரையில் மொனசைட் இருக்கிறது, புல்மோட்டைக் கனியமணலிலும் சிறிதளவு இருக்கிறது.

அதே சிர்கன் வளிமண்டலத்துக்கும் சாட்சி சொல்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் 440 கோடி வருடப் பழைய சிர்கன் மணி கிடைத்திருக்கிறது. பூமிக்கே 454 கோடிதான் வயது. அப்படியான பழைய மணிகளில் சீரியம் என்ற மூலகம் எந்த நிலையில் உள்ளே போயிருக்கிறது என்று பார்த்து, அந்தக் காலத்து எரிமலைகள் மெதேனை விடவில்லை, நீராவியும் காபனீரொட்சைட்டும் கந்தகவீரொட்சைட்டும்தான் பெரும்பாலும் விட்டிருக்கும் என்று 2011ல் ஒரு குழு எழுதியது. காற்று எப்போதோ போய்விட்டது, மணல்மணி அளவான ஒரு கல் அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

செவ்வாய் எங்களுக்கு எதற்கு என்று கேட்ட வாசகருக்கு அயடீன் 129ஐச் சொல்ல ஆசைப்படுகிறேன். அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போது இது உண்டாகும். அரைவாழ்வுக்காலம் 1 கோடி 57 லட்சம் வருடம். கழிவுகளில் தலைவலியானது, ஏனென்றால் கண்ணாடி உருக்கும் சூட்டில் ஆவியாகி ஓடிவிடும், நிலத்தடி நீரில் இலகுவாக நகரும், உடம்புக்குள் போனால் தைரொயிட்டில் போய் உட்காரும். இது சூரியக் குடும்பம் பிறந்தபோதும் இருந்தது. அப்போது இருந்தது எல்லாம் எப்போதோ சிதைந்து செனன் 129 ஆகிவிட்டது. 1976ல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கிக் காற்றை அளந்தபோது, செனன் 132க்கு இரண்டரை மடங்கு செனன் 129 இருந்தது. பூமியின் காற்றில் இரண்டும் ஏறத்தாழச் சமம். செவ்வாய் எப்போது உருவாகியது, முதல் காற்றை எப்போது இழந்தது என்றெல்லாம் கேட்கிறவர்கள் இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். அயடீன் 129 கல்லை விட்டு எப்படி நழுவுகிறது என்று படித்த ஒருவருக்குச் செவ்வாயின் காற்றைப் படிக்கத் தகுதி இல்லை என்றால் பிறகு யாருக்கு இருக்கிறது?

சனியின் நிலவான டைட்டனில் 2005 ஜனவரி 14ல் ஹைகன்ஸ் கலம் இறங்கியது. வெப்பநிலை சைபருக்குக் கீழே 179 பாகை, மேலே தடித்த பனிக்கட்டி ஓடு. அந்தக் காற்றிலும் ஆகன் 40 இருந்தது. கீழே பனியால் மூடிக் கிடக்கும் பாறையும் மூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கல்லும் வாயுவும் அணுக்கழிவும் ஒரே இடத்தில் கூடியதைப் பார்க்க ஆபிரிக்காவில் கபோன் நாட்டின் ஒக்லோவுக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 200 கோடி வருடத்துக்கு முன் அங்கே யுரேனியப் படிவு ஒன்று, மனிதர் யாரும் இல்லாமல், தானாகவே அணு உலையாக எரிந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1972ல் இதைக் கண்டுபிடித்தார்கள். நிலத்தடி நீர் வந்தால் உலை பற்றும், சூட்டில் நீர் கொதித்துப் போனால் அணையும். அரை மணித்தியாலம் எரிந்து இரண்டரை மணித்தியாலம் அணைந்து கிடந்தது என்று 2004ல் கணித்தார்கள். எப்படி? அலுமினியப் பொசுபேற்றுக் கனியத்தில் அகப்பட்டுக் கிடந்த செனனை அளந்துதான். அங்கே உண்டான புளூட்டோனியம் இருந்த இடத்தை விட்டு அநேகமாக நகரவில்லை, வாயுக்களும் அயடீனும் பெரும்பாலும் போய்விட்டன. எதைப் பிடிக்கலாம், எது ஓடும் என்று இயற்கை ஏற்கெனவே பரிசோதனை செய்து முடிவையும் எழுதி வைத்திருக்கிறது.

என் அம்மப்பா கல்குடாப் பக்கம் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கடற்கரையில் ஒதுங்கிய முருகைக்கல்லை அள்ளிவந்து விறகோடு அடுக்கடுக்காகப் போட்டு எரிப்பார்கள், இப்போது அதற்குத் தடை, தடை சரியானதுதான். எரிந்து ஆறிய கல்லை ஒருநாள் என் கையில் தந்தார். உருவம் அப்படியே இருந்தது, பூப்பூவாகத் துளைகள்கூட அப்படியே, ஆனால் கை எதிர்பார்த்த பாரம் அதில் இல்லை. "பாரம் எங்க போன அப்பா?" என்று கேட்டேன். "காத்துல போயிட்டு மனே" என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர் சொன்ன அந்தப் பதிலைத்தான் பிறகு நான் சமன்பாடாகக் கரும்பலகையில் எழுதினேன். 100 கிராம் கல்சியம் காபனேற்றை எரித்தால் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் காபனீரொட்சைட்டாகக் காற்றில் போகும். வெள்ளிக் கோளின் வளிமண்டலத்தில் 96 சதவீதத்துக்கு மேல் இந்த வாயுதான், தரையில் எங்கள் காற்றைப்போல் 92 மடங்கு அழுத்தம், 460 பாகைக்கு மேல் சூடு. பூமியிலும் ஏறத்தாழ அதே அளவு காபன் இருக்கிறது, ஆனால் இங்கே கடல் இருந்ததால் அது கல்லாகிவிட்டது, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லாக, பாசிக்குடா முருகைக்கல்லாக. சூளையடியில் நின்ற சின்னப் பிள்ளைக்கு வெள்ளிக் கோளை விளங்கப்படுத்த நிறையச் சொல்லத் தேவையில்லை.

இனி எங்கள் ஊரில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி. சில வருடங்களுக்கு முன் எங்கள் திருக்கோவில் கரையில் இல்மனைட் மணல் அள்ளும் பேச்சு வந்தபோது சனம் வீதிக்கு இறங்கியது, வாகரையிலும் அப்படி நடந்தது. வாடி போட்டுக் கரைவலை இழுக்கிற இடம், வீடு, கரையரிப்பு என்று பயப்படுவதற்கு வேண்டிய காரணம் இருந்தது. அந்த நேரம் நடந்த ஒரு கூட்டத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்து அம்மா ஒருவர் எழுந்து, இந்தக் கறுப்பு மணலில் கதிர்வீச்சு இருக்காமே, பிள்ளைகள் அதில்தானே விளையாடுதுகள் என்று கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி ஒருவர், அதெல்லாம் உங்களுக்கு விளங்காது, நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்துவிட்டார். நானும் கூட்டத்தில் இருந்தேன். எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இல்மனைட் என்பது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம், அது தன்னளவில் கதிர்வீச்சுக் கல் அல்ல, கூட வரக்கூடிய மொனசைட்டிலும் சிர்கனிலும்தான் தோரியமும் யுரேனியமும் இருக்கும், கரையில் பரவிக் கிடப்பது ஒன்று, ஆலையில் பிரித்து மொனசைட்டை மட்டும் குவித்து வைப்பது வேறொன்று, ஆகவே எங்கள் மணலில் அது எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள், பிரித்தபின் மிச்சத்தை எங்கே கொட்டுவீர்கள் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இந்த வசனம் எனக்கு வந்தது கூட்டம் முடிந்து மூன்று நாளுக்குப் பிறகு. அணுக்கழிவுக் கனியம் எங்களுக்கு எதற்கு என்று யாராவது எழுதினால் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்யத் தொடங்கினேன். பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய பலமான காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கரைக்குப் போவேன். அலை ஏறி இறங்கிய இடத்தில் கறுப்புக் கோடு கிடக்கும். அங்கே காந்தத்தை வைத்தால் கறுப்பு மணிகள் மயிர்க்கொட்டி போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும், பையை வெளிப்பக்கம் திருப்பினால் பொலபொலவென்று விழும். திரும்பத் திரும்பச் செய்தால் கறுப்பு ஒரு பக்கம் சேரும், மற்றப் பக்கம் தேன் நிறத்திலும் இளஞ்சிவப்பிலும் கண்ணாடி போலவும் மணிகள் மிஞ்சும். உருப்பெருக்கியில் வைத்துக் காட்டுவேன். கண்ணாடி போல மின்னுவது சிர்கனா குவார்ட்சா என்று அந்தக் கருவியால் தீர்மானிக்க முடியாது, அதற்கு ஆய்வுகூடம் வேண்டும் என்பதையும் சொல்லுவேன். கல்லுக்குள் யுரேனியம் அடைபட்டு இருக்கும் கதையைச் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கேட்டான்: "மறுகா அந்தக் கல்லு உடைஞ்சா என்ன சேர் நடக்கும்?" ரிங்வூட் கேட்ட கேள்வியும் அதுதான்.

இந்தப் பொடியன் உயர்தரத்துக்கு வரும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ரியூசனில் கடந்தகால வினாத்தாள் செய்வான், பரிசோதனையை எழுத்தில் படிப்பான், மருத்துவம் கிடைத்தால் சந்தோசம், கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று வீடே அழும். இரசாயனவியலை ஏணியாக மட்டும் பார்க்கப் பழக்கிவிட்டோம். அதில் எனக்கும் பங்குண்டு, எத்தனையோ வருடம் நானும் புள்ளிக்காகத்தான் படிப்பித்தேன். காரைதீவில் 1892ல் பிறந்த விபுலானந்த அடிகளை நாங்கள் தமிழ்ப் பேராசிரியராகவும் துறவியாகவும் கொண்டாடுகிறோம். அவர் விஞ்ஞானம் படித்தவர், 1920ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், யாழின் நரம்புகளுக்குக் கணக்குப் போட்டது அந்தப் படிப்பின் கைதான். அவரையும் ஒரு துறையில் நில்லும் என்று சொல்லியிருப்போமா?

ஆசிரியர் அவர்களே, அந்த வாசகருடைய கடிதத்தைப் பார்த்து அறிவியல் செய்தியைக் குறைத்துவிடாதீர்கள், கூட்டுங்கள். வெளிநாட்டுச் செய்தியை நாலு வரியில் மொழிபெயர்த்துப் போட்டால் இப்படித்தான், எங்கேயோ யாரோ என்று ஆகிவிடும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அங்கே படிப்பிக்கிறவர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கிழக்குக் கரை மணலில் என்னென்ன கனியம் எவ்வளவு இருக்கிறது என்று தமிழில், சாதாரண ஆளுக்கு விளங்கும்படி, அளவுகளோடு ஒரு தொடர் போடுங்கள். அந்த அம்மாவுக்கு இன்னும் பதில் போகவில்லை.

என்னிடம் மூன்று ஹோர்லிக்ஸ் போத்தலில் மணல் இருக்கிறது, திருக்கோவிலில் எடுத்தது ஒன்று, கல்லடியில் எடுத்தது ஒன்று, வாகரையிலிருந்து பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்து தந்தது ஒன்று, மூன்றிலும் இடமும் திகதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அளந்து பார்க்க வசதியுள்ள எந்த ஆய்வுகூடமும் கேட்டால் என் செலவிலேயே கொண்டுவந்து தருவேன். அந்தக் கடிதத்தை எழுதிய வாசகர் இந்தப் பக்கம் வந்தால் அவரும் கரைக்கு வரலாம், பிள்ளைகளையும் கூட்டி வரட்டும். வாடைக்காற்று ஓய்ந்த கையோடு, தை மாசி மாதத்தில் வந்தால், கறுப்புக் கோடு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
திருக்கோவில்.